தலையில் சுமந்த பேர்

அக்டோபர் 3

செலினுடைய போன வருஷ அறிவியல் நோட்டில் பாதி காலியாகக் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். எங்கேயாவது கொட்டித் தீர்க்காவிட்டால், நாளைக்கு ஆபீசுக்கு வருகிற யாராவது ஒரு பாவம் காரணமே தெரியாமல் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். நோட்டு திருப்பிப் பேசாது.

காலையில் ஆபீசைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். எர்னெஸ்ட் பெரியப்பா ஒரு பெரிய கவரோடு வந்து நின்றார். ஆபீஸ் என்றால் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரே ஓர் அறை. வெளியே 'லியோனி ரூவில், அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், பிரெஞ்சு - தமிழ்' என்று பலகை. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் எழுதி வைத்துவிட்டுப் போன பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழில் எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கிறேன்.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எழுபத்தாறு வயதிலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நாற்காலியில் உட்காருவார். கண்ணில் மட்டும் புரை. அப்பா போன பிறகு குடும்பத்துக்குத் தலை அவர்தான். அதை யாரும் மறந்துவிடாமல் அவரே பார்த்துக்கொள்வார்.

கவரில் இருந்தது எங்கள் குடும்பப் பேர் பிறந்த பத்திரத்தின் நகல். 1882ஆம் வருஷத்தது. பாரிசிலிருக்கும் மகன் மூலமாக வரவழைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் தமிழர்களுக்குக் குடும்பப் பேர் ஏது? அப்பன் பேர்தான். சாதி வழக்கத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள், அங்கேயே ஒரு குடும்பப் பேரையும் சொல்லியாக வேண்டும். அப்படி வந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். நாங்கள் ரெனோன்சான். எங்கள் பேருக்கு இந்த வருஷம் நூற்றி நாற்பது வயது. அதற்காக நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று, வம்சாவளி பொறித்த கறுப்புக் கல் ஒன்றைக் குடும்பக் கல்லறையில் திறக்கப் போகிறார். திறக்கும்போது இந்தப் பத்திரத்தைத் தமிழில் வாசிக்க வேண்டுமாம். என் முத்திரையோடு.

"கப்பித்தேன் ரூவில் நம்ம ழான் தாத்தாவுக்கு ஞானத்தகப்பனா நின்னு தன் பேரைக் குடுத்த கதை எல்லாம் அதுல இருக்கும் பாரு" என்றார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஒரு கப்பல் கேப்டன், எங்கள் முன்னோர் ஒருவரின் வீரத்தைப் பார்த்து மெச்சி, தன் பேரையே தூக்கிக் கொடுத்தாராம்.

"செய்றேன் பெரியப்பா. பதிலுக்கு எனக்கு ஒண்ணு வேணும். கல்லுல செலின் பேரும் வரணும். ஆஜர்லயும் அவளைக் கூப்பிடணும்."

ஆஜர் எங்கள் குடும்ப வழக்கம். சிப்பாயாக இருந்த ழான் தாத்தா ஆரம்பித்தது. கல்லறைத் திருநாளன்று கல்லறை முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்போம். குடும்பத் தலைவர் கறுப்பு நோட்டைத் திறந்து மூத்தவரிலிருந்து இளையவர் வரை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் 'ப்ரெசான்' என்று சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிறேன், வந்திருக்கிறேன், இந்தப் பேர் என்னுடையது. மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

செலினுக்கு ஒன்பது வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மெழுகுவத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நிற்கிறாள். போன வருஷம் வீட்டுக்குத் திரும்பும்போது, "மர்ரேன், என்னை எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். மர்ரேன் என்றால் ஞானத்தாய். நான் அவளுக்கு ஞானத்தாய். காரைக்காலில் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, தாய் தகப்பன் தெரியாத பிள்ளை என்று ஞானஸ்நானம் பெற்றவள். பழைய பதிவேடுகளைப் பெயர்க்கிற வேலையாக அங்கே ஒரு வருஷம் இருந்தேன். திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

பெரியப்பா யோசிக்கக்கூட இல்லை. "ஞானப்பிள்ளைக்கு சோறு போடலாம், படிக்க வெக்கலாம். பேர் குடுக்க முடியாது லியோனி. பேர் தகப்பன் வழியா வர்றது. அப்பன் யாருன்னே தெரியாத பொண்ணை ரூவில்னு எப்படிக் கூப்பிடுவேன்?"

அப்படியானால் உங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 1882 கையெழுத்தைப் பார்த்ததும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. தொழில் புத்தி.

அக்டோபர் 4

மழை. செலினின் சாக்ஸ் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காய வைத்ததில் ஒன்று பொசுங்கிவிட்டது. பெரியப்பா நினைவாகவே இருந்தேன், அதனால்தான்.

அக்டோபர் 7

இன்று ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவில் தாத்தா தொழில் 'தோட்டி' என்று இருக்கிறது. தமிழில் 'தோட்டக்காரர்' என்று போட்டுவிடச் சொன்னார். ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

"ஐயா, நான் எழுதுறவ இல்ல, திருத்துறவளும் இல்ல. அங்க இருக்குறத இங்க சொல்றவ. ஒரு எழுத்து மாத்தினாலும் என் முத்திரை செல்லாது" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். அவர் தாத்தா தெருவைச் சுத்தமாக வைத்திருந்தார், அதில் என்ன குறை? நல்ல வாக்கியம்தான். அவர் படி இறங்கிய பிறகு தோன்றியது. எனக்கு எல்லாமே அப்படித்தான்.

மத்தியானம் எங்கள் பத்திரத்தை எடுத்தேன். எழுத்து பூச்சி ஊர்ந்தது மாதிரி இருக்கிறது. முதல் வரியில் ஆஜரானவர் பேரைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ழான் இல்லை.

சவேரியாயி.

அக்டோபர் 9

முடித்துவிட்டேன். வேறு வேலை எதையும் தொடவில்லை. முழுதாக இங்கேயும் எழுதி வைக்கிறேன், ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கட்டும்.

'ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு எம் முன் ஆஜரானவர் சவேரியாயி, வயது சுமார் இருபத்தாறு, கடற்பாலத்தில் சுமை கூலி, இவ்வூர்வாசி. தமக்காகவும், தம் மைனர் பிள்ளைகளாகிய ழான், வயது ஆறு, ரொசாலி, வயது மூன்று, ஆகியோருக்காகவும் தம் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருவதாகத் தெரிவித்தார். பிள்ளைகளின் தகப்பன் பெயர் தெரிவிக்கப்படவில்லை. குடும்பப் பெயர் யாது எனக் கேட்கப்பட்டதற்கு, தாமும் தம் வழி வருவோரும் ரூவில் என்னும் பெயரைத் தாங்குவோம் எனத் தெரிவித்தார். கையொப்பம் இடத் தெரியாது என்றபடியால் குறி இட்டார்.'

ஓரத்தில் குமாஸ்தா பொடி எழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார். எழுத வேண்டிய அவசியமே இல்லை. பாவம், ஆச்சரியம் தாங்காமல் எழுதியிருப்பார்.

'மேற்படி பெயர் யாருடையது என வினவியதற்கு, தாம் கப்பலிலிருந்து இறக்கும் ஒயின் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பது என்றும், எட்டு வருடமாகத் தலையில் சுமப்பதால் அது தம்முடையதே என்றும் கூறினார்.'

கப்பித்தேன் இல்லை, வீரம் இல்லை, ஞானத்தகப்பன் இல்லை. எங்கள் பேர் ஒரு சாராயக் கம்பெனியின் பேர். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். ஏன் என்று இங்கே எழுத வேண்டாம்.

அக்டோபர் 10

வேலை ஓடவில்லை. சவேரியாயி போட்ட குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டல் குறி மாதிரி இருக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்து நிதானமாகப் போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 12

பெரியப்பா வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். கூடத்தில் ழான் தாத்தா படம் மாட்டியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து கேட்டார். படத்தில் தாத்தா முறுக்கு மீசையும் ராணுவத் தொப்பியுமாக இருப்பார். பெரியப்பா மூக்கும் தாத்தா மூக்கும் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

'தகப்பன் பெயர் தெரிவிக்கப்படவில்லை' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது எந்த வரி?"

"பதினொண்ணு."

"அதை விட்டுடு. கூலின்றதும் வேணாம். ஓரத்துல இருக்குறது பத்திரமே இல்ல, எவனோ கிறுக்கினது. ழான்லேருந்து ஆரம்பி, போதும்."

"ழான் தாத்தாவுக்கு ஆறு வயசு பெரியப்பா. ஆறு வயசுப் பையன் எந்தக் கேப்டனுக்கு வீரத்தைக் காட்டினான்?"

"வாயாடாத."

"நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போற மனுஷன். என்னைப் பொய்யில முத்திரை வெக்கச் சொல்றீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டார். மார்த்தா பெரியம்மா காபி கொண்டு வந்தாள். ஐம்பது வருஷமாக அந்த வீட்டில் அவர் எழுந்து போன நாற்காலிகளைச் சரி செய்துகொண்டிருப்பவள். காபியில் சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தாள்.

அக்டோபர் 14

கேஸ் சிலிண்டர் வந்தது. கூரையில் ஒழுகுகிற இடத்துக்குத் தார் பூசுகிறவன் வருகிறேன் என்றான், வரவில்லை. வஞ்சிரம் வாங்கினேன். ராத்திரி செலினுக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். ஒயின் பெட்டி எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டாள். பன்னிரண்டு பாட்டில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அரிசி மூட்டையை எடை பார்க்கிற மாதிரி தன்னையே எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, "என்னைவிடக் கொஞ்சம் கம்மி" என்றாள். அந்தக் கிழவி மேல் அவளுக்கு ஒரே பிரியம். கிழவி என்று நான்தான் எழுதுகிறேன். பத்திரத்தில் அவளுக்கு இருபத்தாறு வயதுதான்.

அக்டோபர் 17

மார்த்தா பெரியம்மா ஆபீசுக்கு வந்தாள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. குடையை மடக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் போட்டோவைப் பத்தி ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். "என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டு, அப்புறம் எங்க வீட்டாளுங்க இங்க வர்றதா இருந்தாங்க. வம்சத்துக்கு ஒரு படம்கூட இல்லையேன்னு என் மாமனார் வெள்ளைக்காரங்க வீட்டு ஏலத்துல அந்தப் படத்தை எடுத்தாரு. எவனோ ஒரு சொல்தா, வெறும் சிப்பாய். எனக்கு மாமியார் சொன்னாங்க. உங்க பெரியப்பா அப்ப பட்டாளத்துல இருந்தாரு, அவருக்குத் தெரியாது. அம்பது வருஷமா அந்த ஆளுக்கு நான் பூமாலை போடுறேன்."

"அப்ப மூக்கு?"

"மூக்குக்கென்னடி. எல்லா மூக்குலயும் ரெண்டு ஓட்டைதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டு பெண்கள். கல்யாணமானதும் கறுப்பு நோட்டில் இரண்டு பேர் மேலேயும் பெரியப்பா சிவப்பு மையில் கோடு போட்டார். கல்லறைத் திருநாளுக்கு வந்தால் இப்போது அவர்கள் வரிசையில் நிற்பதில்லை, மரத்தடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். "நான் பெத்த பொண்ணுங்க மேல கோடு போடும்போது நான் பக்கத்துல நின்னு விளக்கு பிடிச்சுட்டிருந்தேன்" என்றாள்.

கிளம்பும்போது சுவரில் இருந்த செலின் படத்தைப் பார்த்தாள். "கண்ணு அப்படியே உங்க அப்பா கண்ணு" என்றாள்.

மழை விட்டுவிட்டது, இப்போதே கிளம்பினால் நனையாமல் போகலாம் என்று சொன்னேன்.

அக்டோபர் 20

பெரியப்பா வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மகனோட பேசினேன். உன் பேச்சுக்கே வர்றேன். கல்லுல அந்தப் பொண்ணு பேரைப் போடுறேன். லியோனி, வளர்ப்பு மகள் செலின்னு. ஆஜர்லயும் கூப்பிடுறேன். நீ பதினொண்ணாவது வரியை மட்டும் எடுத்துடு. அம்மாக்காரி பேர்கூட இருந்துட்டுப் போகட்டும். அப்பன் இல்லாத பிள்ளைங்கன்றது மட்டும் நாலு பேர் முன்னாடி வேணாம். என் பேரனுங்க நிப்பாங்க அங்க."

நான் கேட்டது இதுதானே. ஒரே ஒரு வரி.

"முத்திரை" என்று மட்டும் சொன்னேன்.

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "முத்திரை முத்திரைன்ற. காரைக்கால் கோயில் பதிவுல தாய் தெரியாதுன்னு இருக்கே, அதை எழுதும்போது ஞானத்தாய்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான் கேட்டேனா? ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை கேட்டேனா? குடும்ப மானத்துக்காக நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். நீயும் ஒரு வரிக்கு மூடிக்க."

பெரியப்பா போன பிறகு பலகையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மீனைக் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

அக்டோபர் 21

எழுதிவிட்டேன், அந்த வரி இல்லாமல். முத்திரை இன்னும் வைக்கவில்லை.

அக்டோபர் 23

நாளைக்குத் தீபாவளி. தெருவில் காலையிலேயே வெடி. செலினுக்கு லீவு, ஆபீசுக்கு வந்திருந்தாள்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் முத்திரைக்கு முன்னால் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். நான் மூலத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியின் சாரத்தையும் தமிழில் சொல்வேன், இன்னொருவர் தமிழ்ப் பக்கத்தில் அந்த வரியின் மேல் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கு ஒரு பெண் இருந்தாள். இப்போது லீவு நாளில் செலின்தான். அவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். நாக்கைத் துருத்திக்கொண்டு புள்ளி வைப்பாள்.

பழக்க தோஷத்தில் எங்கள் பத்திரத்தையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பத்து வரி போயிற்று. பதினொன்றாவதுக்கு வந்ததும் அதைத் தாண்டிப் பன்னிரண்டைச் சொன்னேன். சாமர்த்தியமாகத்தான் சொன்னேன்.

"மர்ரேன், ஒரு வரி விட்டுட்டீங்க" என்றாள்.

"இல்லையே."

"அன்னிக்கு வீட்டுல படிச்சுக் காட்டினீங்களே. அப்பா பேரு சொல்லலன்னு ஒரு வரி வரும். அது இதுல இல்ல. அது என்னை மாதிரின்னு நான் ஞாபகம் வெச்சிருந்தேன்."

பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அந்தத் தாளை வாங்கி நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அவள் பயந்துபோனாள், தான் என்ன தப்பு செய்தோம் என்று. நீ செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்றேன்.

தோட்டியின் பேரனைத் துரத்தினவள் நான். எவ்வளவு திமிராகப் பேசினேன் அந்த மனிதரிடம். சவேரியாயி அந்த ஆபீசில் ஆம்பளைகள் சுற்றி நிற்க, அப்பன் பேர் என்ன என்று கேட்டபோது ஒரு பொய்ப் பேரைச் சொல்லியிருக்கலாம். சூசை, அந்தோணி என்று எதையாவது சொன்னால் எழுதிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை அவள். தன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்றாள். நான் படித்தவள், மூன்று பாஷை தெரிந்தவள், முத்திரை வைத்திருப்பவள். என் பிள்ளையைக் குப்பைத் தொட்டியில் கிடந்த பிள்ளை மாதிரி எழுத வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று ஞானத்தாய் என்று கையெழுத்துப் போட்டேன்.

எழுதிவிட்டேன். இந்த நோட்டிலாவது எழுதிவிட்டேன்.

சாயங்காலம் கடற்கரையில், பழைய பாலத்தின் கம்பங்கள் தண்ணீரில் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து செலினிடமும் சொன்னேன். தண்ணீரில் நிற்கிற கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "அப்ப நான் உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்றாள். உன் இஷ்டம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கோபம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 25

காரைக்கால் பங்குச் சாமியாருக்கு எழுதிய கடிதத்தின் நகல்.

'வணக்கத்துக்குரிய சாமி அவர்களுக்கு. தங்கள் பங்கில் ஒன்பது வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற செலின் என்னும் பிள்ளையின் பதிவில் தாய் தெரியாது என்று எழுதப்பட்டுள்ளது. அது தவறு. தாய் தெரியும். நான்தான். தகப்பன் பெயர் தெரிவிக்கப்படவில்லை, இனியும் தெரிவிக்கப்பட மாட்டாது. பதிவைத் திருத்துவதற்கு எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்று தெரிவித்தால் அனுப்பி வைக்கிறேன். எந்த விசாரணைக்கும் நேரில் வரத் தயார்.'

முத்திரை வைக்கத் தேவையில்லை. வைத்தேன்.

அக்டோபர் 30

முழு மொழிபெயர்ப்பையும் பெரியப்பா கையில் கொடுத்தேன். எல்லா வரியும் இருக்கிறது, ஓரத்தில் இருந்ததும் இருக்கிறது என்றேன். வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு பேர் கல்லுல வராது. ஆஜர்லயும் வராது. இதை வாசிக்கவும் விட மாட்டேன்."

"நானே வாசிப்பேன் பெரியப்பா. முன்னாடியே சொல்லிட்டேன், முதுகுக்குப் பின்னாடி செஞ்சேன்னு சொல்லாதீங்க."

கூரைக்குத் தார் பூசுகிறவன் கடைசியில் வந்துவிட்டான். ஒழுகல் நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது.

நவம்பர் 2

ஈரச் சேலையை மாற்றாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் தூறல். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவத்தியும் குடையும். எங்கள் ஆட்கள் முப்பது பேர் இருப்போம். கறுப்புக் கல்லை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். செலின் வழக்கம்போல மெழுகுவத்திப் பெட்டியோடு கடைசியில் போய் நின்றாள். மார்த்தா பெரியம்மாவின் பெண்கள் இரண்டு பேரும் வழக்கம்போல மரத்தடியில்.

பெரியப்பா துணியை இழுத்தார். கல்லின் உச்சியில் 'ழான் ரூவில், குடும்ப ஸ்தாபகர்' என்று இருந்தது. கை தட்டினார்கள். தட்டி முடிவதற்குள் நான் முன்னால் போய்த் தாளை விரித்தேன். பெரியப்பா "லியோனி" என்றார், அதட்டலாக. நான் நிறுத்தவில்லை. 'ஆஜரானவர் சவேரியாயி' என்று ஆரம்பித்து, வரிக்கு வரி, குறி இட்டார் என்பது வரை வாசித்தேன். ஓரத்தில் இருந்ததையும் வாசித்தேன். ஒயின் பெட்டி என்றதும் பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான். அவன் அப்பா தலையில் ஒரு தட்டு தட்டினார். தாளை மடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

பெரியப்பா முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் ராணுவக்காரர் அல்லவா, அடுத்தது என்னவோ அதைச் செய்தார். கறுப்பு நோட்டைத் திறந்தார்.

"எர்னெஸ்ட் ரூவில். ப்ரெசான்" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டுத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்தது பெரியம்மா.

"மார்த்தா ரூவில்."

பதில் இல்லை. காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கூப்பிட்டார். பெரியம்மா குடையை மடக்கி, தண்ணீரை உதறி, கையில் ஊன்றிக்கொண்டாள்.

"முதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. அப்புறம் நான் இருக்கேன்."

"மார்த்தா."

"என் பொண்ணுங்க மேல கோடு போட்டப்ப பேசாம இருந்தேன். இன்னிக்கு இருக்க மாட்டேன். கூப்பிடுங்க."

அவர் அவளைத் தாண்டி அடுத்த பேருக்குப் போனார். பெரிய அண்ணன், எங்கள் பங்காளி வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து பெரியம்மா கையால் சாப்பிட்டவர். பெரியம்மா முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அடுத்து என் பேர். நானும் திறக்கவில்லை. அதற்கு அடுத்தவர்களை அவர் கூப்பிடவில்லை. மழை நோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அவருக்குக் குடை பிடிக்கப் போகவில்லை. ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது. அந்த மனிதர் பொய் சொல்ல ஆசைப்படவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது யாரோ சொன்ன கதையை நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

கடைசியில் தலையைத் தூக்கி வரிசையின் கோடியைப் பார்த்தார்.

"இங்க வா."

செலின் பெட்டியோடு வந்து நின்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உன் பேரு என்ன?"

நூற்றி நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவளிடம் கேட்ட அதே கேள்வி.

"செலின் ரூவில்."

"அம்மா பேரு?"

அதை அவர் வேண்டுமென்றே கேட்டார். எனக்குத் தெரியும். முப்பது பேர் முன்னால் நான் வாயடைத்து நிற்பேன் என்று கேட்டார். செலின் என் பக்கம் திரும்பினாள்.

"லியோனி ரூவில்" என்றேன். "நான் பெத்த பொண்ணு. காரைக்கால்ல பெத்தேன். எழுதிக்குங்க."

மரத்தடியில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். யாரையோ, தெரியவில்லை.

"அப்பா பேரு?"

"தெரிவிக்கப்படவில்லை" என்றேன், பத்திரத்தில் இருக்கிற மாதிரியே. "அதையும் எழுதிக்குங்க பெரியப்பா. நம்ம குடும்பத்துல அப்படித்தான் எழுதுறது."

பேனா ரொம்ப நேரம் தாளின் மேலேயே நின்றது. பிறகு எழுதினார். ஈரத்தில் மை பரவியிருக்கும், இருந்தாலும் எழுதினார். எழுதி முடித்து நெஞ்சை நிமிர்த்தி, மற்ற எல்லோரையும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"செலின் ரூவில்."

அவள் மெழுகுவத்திப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து அந்தக் கோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

"ப்ரெசான்."

பெரியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இப்ப என்னைக் கூப்பிடுங்க" என்றாள்.